கோட்டை வெளியும் கடற்கரை மணலும்

2020-ம் வருஷம் நவம்பர் மாதம் 20-ந் தேதி கோவாவில் ஒரு கால்பந்துப் பந்தயம் நடந்தது. கொள்ளைநோய் நாடெங்கும் பரவியிருந்த காலமாகையால் வேடிக்கை பார்க்க ஜனங்கள் இல்லை. காலியாகக் கிடந்த ஆசனங்களுக்கு நடுவே, பச்சையும் அரக்குச் சிவப்புமான மோகன் பகான் சட்டையை அணிந்து களத்தில் இறங்கியவர்களில் ஒருவர் நமது ஜில்லாவின் மேற்குக் கரையிலுள்ள இரவிபுத்தன்துறைக்காரர். மைக்கேல் சூசைராஜ் என்பது அவர் பெயர். ஆட்டம் ஆரம்பித்துச் சிறிது நேரத்துக்குள்ளேயே முழங்காலில் பலமாக அடிபட்டு அவர் வெளியேற நேர்ந்தது. அந்த வருஷத்துப் பந்தயங்கள் அத்தனையும் அவருக்கு இல்லாமற் போயின.

அடிபட்டது பெரிய துரதிர்ஷ்டந்தான். ஆயினும் நாம் இங்கே அதைப் பிரஸ்தாபிப்பதற்குக் காரணம் வேறு. குமரிக் கரையின் மணலில் பந்து பழகிய ஒரு வாலிபர், வங்காளத்தார் தங்கள் தேசாபிமானத்தின் அடையாளமாக நூறு வருஷத்துக்கு மேலாகப் போற்றிவரும் ஒரு சட்டையை அணிந்தார் என்பது லேசான விஷயமல்ல. அந்தச் சட்டைக்கு அத்தனை மதிப்பு எங்கிருந்து வந்தது? கல்கத்தாவில் ஒரு கோட்டைக்கு எதிரேயுள்ள புல்வெளியிலிருந்து வந்தது. அந்தப் புல்வெளியின் கதையை நம் ஜில்லா வாசிகள், முக்கியமாக ஊராட்சி மன்றங்களிலும் வாலிபர் சங்கங்களிலும் உழைப்பவர்கள், தெரிந்துகொள்வது அவசியம் என்று கருதுகிறோம். நாம் இழந்துகொண்டிருக்கும் ஒரு பொருளைப் பற்றிய கதை அது.

கல்கத்தாவுக்கு இப்போது கொல்கத்தா என்று பெயர். பழைய விஷயங்களைச் சொல்லும்போது பழைய பெயரே நாவில் வருகிறது. வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

1756-ல் நவாப் சிராஜ் உத் தௌலா ஆங்கிலேயரின் பழைய கோட்டையைப் பிடித்தார். மறுவருஷம் பிளாசியில் அவர் வீழ்ந்தார். வென்ற கம்பெனியார் முதலில் செய்த காரியம், இனி எவராலும் பிடிக்க முடியாத புதுக் கோட்டை ஒன்றைக் கட்ட ஆரம்பித்ததுதான். அந்த வில்லியம் கோட்டைக்காகக் கோவிந்தபூர் என்ற கிராமத்தையே அப்புறப்படுத்தினார்கள். குடிகளுக்கு வேறிடம் கொடுத்தார்கள், ஊர் போய்விட்டது. கோட்டையைச் சுற்றியிருந்த காட்டை வெட்டி நிலத்தை வெறுமையாக்கினார்கள். கோட்டைச் சுவரிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு தடையின்றிப் போக வேண்டும், பகைவன் ஒளிந்துகொள்ள ஒரு மரமோ ஒரு வீடோ இருக்கக் கூடாது, இதுதான் நோக்கம். இப்படித் தோன்றியதே கல்கத்தாவின் பிரசித்தி பெற்ற மைதானம். சுமார் 1,000 ஏக்கர். ஹூக்ளி நதிக் கரையில், ஒரு மகாநகரத்தின் நடுமார்பில், 1,000 ஏக்கர் வெறும் புல்!

ஆகவே அந்த மைதானத்தின் ஜாதகத்தில் தர்மம் எதுவும் இல்லை. கிராமத்தாரை எழுப்பிவிட்டுப் பீரங்கிக்கு வழிசெய்த நிலம் அது. ஆனால் அந்தக் கோட்டையிலிருந்து கோபத்தோடு ஒரு குண்டும் சுடப்படவில்லை. சுட வேண்டிய நிலத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் மாலை வேளைகளில் பந்து உதைத்தார்கள்.

1877-ம் வருஷத்தில் ஒரு நாள், நாகேந்திர பிரசாத் சர்வாதிகாரி என்ற வங்காளிச் சிறுவன் மைதானத்தின் ஓரத்தில் நின்று அந்த ஆட்டத்தைப் பார்த்தான் என்றும், தன் பக்கம் உருண்டு வந்த பந்தை எடுத்துக் கொடுக்கப் போனபோது ஒரு சிப்பாய் உதைத்து அனுப்பும்படி சொன்னான் என்றும் வங்காளத்தில் ஒரு வரலாறு வழங்குகிறது. சிறுவன் உதைத்தான். அந்த உதையை இந்தியக் கால்பந்தின் பிறப்பாக எண்ணுகிறார்கள். பள்ளித் தோழர்களைச் சேர்த்துக்கொண்டு அவன் பழகியதும், பின்னர் ஒன்றன் பின் ஒன்றாகச் சங்கங்கள் நிறுவியதும் சரித்திரம்.

அந்தச் சங்கங்களில் ஒன்றைப் பற்றிய செய்தியைக் கட்டாயம் சொல்ல வேண்டும். வெல்லிங்டன் சங்கத்தில் மணி தாஸ் என்ற ஒரு குயவர் வீட்டுப் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள சர்வாதிகாரி விரும்பினார். உயர்குலத்து அங்கத்தினர் சிலர் ஆட்சேபித்தார்கள். பையனை விலக்குவதா, சங்கத்தைக் கலைப்பதா என்ற கேள்வி எழுந்தபோது சர்வாதிகாரி சங்கத்தையே கலைத்துவிட்டார்! பிறகு சோபாபஜார் சங்கத்தை ஏற்படுத்தினார். குயவர் மகனும் அதில் இருந்தார். அந்தச் சோபாபஜார் கோஷ்டிதான் 1892-ல் டிரேட்ஸ் கோப்பைப் பந்தயத்தில் கிழக்கு சர்ரே பட்டாளத்தைத் தோற்கடித்தது. வெள்ளைக்காரப் பட்டாளக் கோஷ்டியை இந்தியர் வெல்ல முடியும் என்று முதலில் காட்டியவர்கள் அவர்களே. ஜாதிக் கதவைத் திறந்த பிறகே அந்த ஜயம் கிடைத்தது என்பதை அன்றைய பத்திரிகைகள் கவனித்தனவோ இல்லையோ, நாம் கவனிக்கிறோம்.

மோகன் பகான் சங்கம் 1889-ம் வருஷம் ஆகஸ்டு 15-ந் தேதி வட கல்கத்தாவில் தோன்றியது. அதன் முதல் தலைவர் பூபேந்திரநாத் பாசு. 1914-ல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபைக்கு அக்கிராசனம் வகித்தவர் இவரே. மோகன் பகான் மாளிகை என்ற ஒரு தனவந்தர் தோட்டத்தின் புல்லில் சங்கத்தார் முதலில் ஆடினார்கள். பெயர் அதனால் வந்தது. அங்கிருந்து வேறிடம், அங்கிருந்து இன்னோரிடம் என்று மாறி, கடைசியில் கோட்டை மைதானத்தில் மற்றவர்களோடு பங்குபோட்டுக்கொண்ட ஒரு களத்துக்கு வந்து சேர்ந்தார்கள். சொந்த நிலம் என்பது அவர்களுக்கு இருந்ததே இல்லை. இன்றும் இல்லை.

மைதானத்தில் இருந்த களங்களுள் மேலானது கல்கத்தா கால்பந்துச் சங்கத்தாருடையது. அது வெள்ளைக்காரர்களுக்கே உரிய சங்கம். இன்று மோகன் பகான் களம் என்று வழங்குவது அந்த இடமே. அன்று அங்கே இந்தியர் கோஷ்டி காலடி வைப்பதென்றால் ஏதாவது பெரிய பந்தயத்தின் கடைசிக் கட்டத்துக்கு வந்தால்தான் உண்டு. 1911-ல் அப்படி ஒரு கோஷ்டி வந்தது.

அந்த வருஷத்து ஐ.எப்.ஏ. கேடயப் பந்தயத்தில் மோகன் பகான் முதலில் செயிண்ட் சேவியர் கோஷ்டியை வென்றது. பிறகு ரேஞ்சர்ஸ், அப்புறம் ரைபிள் பிரிகேடு. மிடில்செக்ஸ் பட்டாளத்தோடு ஆடிய ஆட்டம் 1-1 என்று சமமாக முடிந்து, மறு ஆட்டத்தில் 3-0 என்று ஜயம் கிடைத்தது. இறுதி ஆட்டத்துக்கு எதிரே நின்றது கிழக்கு யார்க்ஷயர் பட்டாளம். தேதி ஜூலை 29.

அன்றைய கூட்டத்தை 60,000 என்பாரும் உண்டு. லட்சம் என்பாரும் உண்டு. பக்கத்து ஜில்லாக்களிலிருந்து தனி ரயில்களும் படகுகளும் விடப்பட்டன. 2 ரூபாய் டிக்கெட் பல மடங்கு விலைக்குப் போயிற்று. வந்தவர்களில் பெரும்பாலோர் பந்தையே பார்க்கவில்லை. மரக்கிளைகளில் தொத்திக்கொண்டவர்களும் முன்வரிசையில் இடிபட்டவர்களும்தான் ஏதோ பார்த்தார்கள். பின்னால் நின்ற ஆயிரமாயிரம் பேருக்குப் பட்டங்களில் கோல் கணக்கை எழுதி மேலே பறக்கவிட்டுத் தெரிவித்தார்களாம். யோசித்துப் பார்த்தால் மெய்சிலிர்க்கிறது. ஆட்டத்தைக் காண முடியாது என்று தெரிந்தும், பட்டத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு மாலை முழுவதும் நிற்கும் ஜனத்திரளை எந்தச் சர்க்கார் அடக்க முடியும்?

மோகன் பகான் ஆட்டக்காரர் 11 பேரில் பாதிரியார் சுதீர் சட்டர்ஜி ஒருவரே பூட்ஸ் அணிந்திருந்தார். மற்ற 10 பேரும் வெறுங்கால். எதிரிகளோ கனத்த பட்டாளத்துப் பூட்ஸ்காரர்கள். முதற் பாதியில் யாரும் கோல் போடவில்லை. இரண்டாம் பாதியில் ஜாக்ஸன் என்ற சார்ஜெண்டு அடித்த பந்தை ஹீராலால் முகர்ஜி தடுக்க முடியவில்லை. பட்டாளத்தாருக்கு ஒரு கோல். ஆட்டம் முடியச் சில நிமிஷங்களே இருந்தபோது மோகன் பகான் தலைவர் சிவதாஸ் பாதுரி பந்தை வளைத்து வளைத்துக் கொண்டுபோய்ச் சமம் செய்தார். அந்த ஆரவாரம் அடங்குமுன் அபிலாஷ் கோஷ் இரண்டாவது கோலைப் போட்டார். 2-1. கேடயத்தைக் கைப்பற்றிய முதல் இந்தியக் கோஷ்டி மோகன் பகான் ஆயிற்று. ஹிந்துக்களோடு முஸ்லிம்களும் அன்று ஆனந்தக் கூத்தாடினார்கள் என்பது அக்காலத்துப் பத்திரிகைகளில் பதிவாகியிருக்கிறது. வங்காளத்தைக் கர்ஸன் துண்டாடி ஆறு வருஷங்கள் கூட நிறைவடையாத காலம் அது என்பதை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

ஆட்டம் முடிந்து கூட்டம் கலையும்போது ஒருவர் கோட்டைமேல் பறந்த ஆங்கிலக் கொடியைச் சுட்டிக்காட்டி, அது எப்போது இறங்கும் என்று ஆட்டக்காரரைக் கேட்டதாக ஒரு கதை உண்டு. கதை மெய்யோ பொய்யோ, நூறு வருஷமாக அது சொல்லப்பட்டுவருவது மெய். அதே வருஷம் டிசம்பர் 12-ந் தேதி டில்லி தர்பாரில் பிரிவினை ரத்து செய்யப்பட்டதும் தலைநகரம் டில்லிக்குப் போனதும் எல்லோரும் அறிந்தவை. கால்பந்தின் ஜயத்தால் பிரிவினை ரத்தாயிற்று என்று சொல்லும் அன்பர்கள் இருக்கிறார்கள். அவ்வளவு தூரம் போக நமக்குத் தைரியமில்லை. ஆனால் சண்டையில் வெள்ளைக்காரனை எதிர்க்கச் சக்தியற்றவன் வங்காளி என்று பாடப் புத்தகம்வரை எழுதி வைத்திருந்த ஏச்சை, ஒரு மாலையில் 11 வாலிபர்கள் பட்டாளத்தாரின் முகத்தெதிரே கிழித்தெறிந்தார்கள் என்பதை யாரும் மறுக்க முடியாது.

அதன் பிறகு எல்லாம் சுபம் என்று எண்ணிவிடக் கூடாது. கல்கத்தா லீக் பந்தயத்தின் முதல் வகுப்பில் மோகன் பகானுக்கு இடம் கிடைத்தது 1915-ல்தான். கேடயம் வென்ற கோஷ்டி நாலு வருஷம் வாசலில் காத்திருந்தது! அப்புறமும் பல வருஷங்கள் இந்தியச் சங்கங்களின் தொகைக்கு ஓர் எல்லை வைத்திருந்தார்கள். ஈஸ்ட் பெங்கால் சங்கம் 1920-ல் பிறந்து, போராடி, 1925-ல்தான் முதல் வகுப்புக்குள் நுழைய முடிந்தது. 1930-ல் உப்புச் சத்தியாக்கிரகத்தை ஒட்டி நாடு கொந்தளித்தபோது லீக் பந்தயமே முடிவு பெறாமல் நின்றது. 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து வருஷம் முகமதன் ஸ்போர்ட்டிங் சங்கம் லீக் வென்று, வெள்ளைக்காரர் ஆதிக்கத்தை அடியோடு முறித்தது. மோகன் பகான் லீக் வென்றது 1939-ல். கேடயத்தையோ அவர்கள் மறுபடி வென்றது 1947-ல்தான். அதற்குள் கோட்டைமேல் கொடி மாறிவிட்டது.

வெறுங்காலைப் பற்றி ஒரு வார்த்தை. 1911-ஐப் பாடும் ஒவ்வொருவரும் வெறுங்காலைப் பாடத் தவறுவதில்லை. வீரம் வீரந்தான், அதில் சந்தேகமில்லை. 1948-ல் லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸை எதிர்த்து நம்மவர் பெரும்பாலும் வெறுங்காலோடுதான் ஆடினார்கள். இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோலைச் சாரங்கபாணி ராமன் அடித்தார். கிடைத்த இரண்டு பெனால்டிகளையும் தவறவிட்டு 1-2 என்று தோற்றோம். ஆனால் 1952-ல் ஹெல்ஸிங்கியில் யுகோஸ்லாவியா நம்மை 10-1 என்று அடித்து நொறுக்கிற்று. அதன் பிறகே பூட்ஸ் கட்டாயமாயிற்று. ஏழ்மையால் வந்த ஒரு வழக்கத்தை வீரலட்சணமாகக் கொண்டாடி 41 வருஷத்தை வீணாக்கினோமா என்று கேட்கத் தோன்றுகிறது. நம் கரைப் பையன்கள் வெறுங்காலோடு மணலில் ஆடுவதைப் படம்பிடித்துப் பரவசப்படும் பட்டணத்து நண்பர்களும் இதைச் சற்று யோசிக்கலாம்.

இனி அந்தக் களத்தின் அமைப்பைச் சொல்வோம். அரங்கம் என்றவுடன் கண்ணில் எழும் பிரம்மாண்டம் அங்கே இல்லை. மைதானத்துச் சங்கங்களின் இருப்பிடத்துக்கு இன்றும் கூடாரம் என்றே பெயர். கூடாரத்துக்கு முன்னால் ஒரு புல்தரை, அதற்கப்பால் களம், களத்தைச் சுற்றிப் படிவரிசைகள். வெகு காலம் அந்தப் படிகள் மரப்பலகைகளாகவே இருந்தன. சுமார் 20,000 பேர் உட்காரலாம். டிக்கெட்டுக்குக் காசில்லாதவர்கள் கோட்டைப் பக்கத்து மண்மேடுகளில் ஏறி நின்று பார்ப்பார்கள். பார்க்க முடியாதவர்கள் பார்ப்பவர்களின் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். மழைக்காலத்தில்தான் கல்கத்தாவின் கால்பந்து. ஆகவே சேறு இல்லாத ஆட்டம் ஆட்டமல்ல என்று பழைய ரசிகர்கள் சொல்வதுண்டு. ஒரே களத்தை இரண்டு சங்கங்கள் பங்கிட்டுக்கொண்டதும், ஒருவர் கூடாரத்திலிருந்து அடுத்தவர் கூடாரத்துக்குக் கூப்பிடு தூரமே இருப்பதும், ஜன்மப் பகையாளிகளான மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் கட்சியார் ஒரே பாதையில் வீடு திரும்ப வேண்டியிருப்பதும் அந்த மைதானத்தின் விசேஷங்கள்.

ஏன் கல்கட்டடம் எழும்பவில்லை? பணம் இல்லாமலா? இல்லை. அந்த நிலம் ராணுவத்தினுடையது. கம்பெனியாரின் பீரங்கிக்காக ஒதுக்கிய வெளி அவர்கள் சந்ததியாரிடம் இருந்து, சுதந்திரத்துக்குப் பின் இந்திய ராணுவத்தின் வசம் வந்தது. கோட்டைக்கு இப்போது விஜய துர்க்கம் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். நிபந்தனை மாறவில்லை. ராணுவத்தின் அனுமதி பெறாமல் மைதானத்தில் நிரந்தரக் கட்டடம் எழுப்பக் கூடாது. சங்கத்தார் இதைப் பற்றிப் பல முறை முணுமுணுத்திருக்கிறார்கள். விளக்குக் கம்பம் நடுவதற்கும் கைகட்டி நிற்க வேண்டியிருக்கிறதே என்ற அவர்கள் மனத்தாங்கல் நியாயமே. ஆனால் அந்த நிபந்தனை இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சௌரங்கி வீதிக்கு எதிரே, நதிக் கரையில், 1,000 ஏக்கர்! இத்தனை வருஷங்களில் எத்தனை மாளிகைகள், எத்தனை ஹோட்டல்கள், எத்தனை சர்க்கார் காரியாலயங்கள் அதன்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும்! பீரங்கிக்கு வழி வேண்டும் என்ற பழைய உத்தரவு, பையன்களுக்குப் பந்தாட இடம் என்று பரிணமித்திருக்கிறது. கட்டக் கூடாது என்று ஒருவர் சொன்னதால்தான் களம் மிஞ்சியது.

கூட்டம் பெருகப் பெருக, பெரிய ஆட்டங்களுக்கு அந்தச் சிறு களம் போதவில்லை என்பதும் உண்மை. 1977-ல் பெலே வந்தபோது ஈடன் தோட்டத்தில்தான் மோகன் பகான் அவரது நியூயார்க் காஸ்மாஸ் கோஷ்டியோடு ஆடி 2-2 என்று சமம் செய்தது. அதே ஈடன் தோட்டத்தில் 1980-ம் வருஷம் ஆகஸ்டு 16-ந் தேதி மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆட்டத்தின்போது மூண்ட கலகத்தில் 16 ரசிகர்கள் மிதிபட்டு மாண்டார்கள். கிரிக்கெட்டுக்காகக் கட்டிய இடத்தில் கால்பந்துக் கூட்டத்தைத் திணித்ததன் பலன். 1984-ல் சால்ட் லேக் அரங்கம் திறக்கப்பட்டது. லட்சத்துக்கு மேல் ஜனங்கள் உட்காரும்படி கட்டினார்கள். இன்று மோகன் பகானின் பெரிய பந்தயங்களெல்லாம் அங்கேதான். பழைய களத்தில் பயிற்சியும், உள்ளூர் லீக் ஆட்டங்களும் நடைபெறுகின்றன. ஜூலை 29 வந்தால் மட்டும் சங்கத்தார் அந்தக் கூடாரத்தைத்தான் தேடிவந்து கொண்டாடுகிறார்கள்.

நம் கரைக்குத் திரும்புவோம். கல்கத்தாவிலிருந்து 1892 டிசம்பரில் கன்னியாகுமரிக்கு வந்து பாறைமேல் அமர்ந்து தியானம் செய்த விவேகானந்தரும் ஒரு கால்பந்து விஷயம் சொல்லியிருக்கிறார். 1897-ல் சென்னையில் செய்த பிரசங்கத்தில், பலவீனர்களாக இருந்துகொண்டு கீதை படிப்பதைவிடக் கால்பந்து ஆடினால் சொர்க்கத்துக்கு அதிக அருகில் போகலாம் என்ற கருத்தை அவர் வாலிபர்களுக்கு எடுத்துரைத்தார். பாறைக்குப் படகேறிப் போகிறவர்களில் இதை எத்தனை பேர் அறிவார்களோ!

இறையுமன்துறை முதல் தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி வரை உள்ள கிராமங்களை நேரில் பார்த்தவர்களுக்கு அங்கே நிலத்தின் நெருக்கடி தெரியும். ஒரு பக்கம் கடல். மறு பக்கம் திருவிதாங்கூர் ராஜ்யம் 1860-ல் வெட்டத் தொடங்கிய அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய். இரண்டுக்கும் நடுவே ஒரு நாடாவைப்போன்ற மணல். அதில் வீட்டை ஒட்டி வீடு. அந்த வீடுகளின் ஆண்கள் சுறா வேட்டைக்காக அரபிக் கடலின் நடுவரை போய் வாரக்கணக்கில் தங்குபவர்கள். 2017 நவம்பர் கடைசியில் ஓகிப் புயல் வந்தபோது போனவர்களில் பலர் திரும்பவில்லை. இந்த மணலிலிருந்தும், எல்லைக்கு அப்பால் கேரளத்திலுள்ள பொழியூரிலிருந்தும், சந்தோஷ் கோப்பைக் கோஷ்டிகளுக்கும் தொழில்முறைச் சங்கங்களுக்கும் ஆட்டக்காரர்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். சூசைராஜ் சென்னை சிட்டி, ஜாம்ஷெட்பூர் என்று படிப்படியாக ஏறித்தான் கல்கத்தாவுக்குப் போனார். அவருடைய சகோதரரும் ஆட்டக்காரர். இத்தனைக்கும் அந்தப் பிள்ளைகள் பழகும் இடம் என்ன? கடல் விட்டுவைத்த மணல். ஆனி, ஆடி மாதங்களில் அலை எழும்பி வந்து அதையும் அரித்துக்கொண்டு போகிறது. அரிப்பைத் தடுக்கக் கருங்கல்லைக் கொட்டுகிறார்கள். வீடு தப்ப வேண்டுமென்றால் கல் வேண்டியதுதான். ஆனால் கல் கொட்டிய இடத்தில் பந்து உருளாது.

மேற்குக் கரை விஷயம் இப்படியென்றால், அசல் நாஞ்சில் நாடாகிய தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்களின் கதை வேறு மாதிரி. அங்கே கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரு போகம். கும்பப்பூ அறுவடையான பிறகு உழவு தொடங்கும்வரை வயல்கள் காய்ந்து கிடக்கும். தாளடியை மிதித்துச் சமன் செய்துவிட்டால் ஊருக்கு ஊர் ஒரு பந்தாட்டக் களம் தயார். சொந்தக்காரர் ஆட்சேபிப்பதில்லை, பயிர் இல்லாத நிலத்தில் பிள்ளைகள் ஓடினால் அவருக்கு என்ன நஷ்டம்? இன்று அந்த வயல்கள் வீட்டுமனைகளாகி எல்லைக்கல் நட்டாயிற்று. நெல் போனதைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. நெல்லோடு கூடக் களமும் போனதைப் பற்றி யாரும் எழுதக் காணோம். நாகர்கோயிலில் அண்ணா விளையாட்டரங்கம் இருக்கிறது. ஆனால் நீரோடிப் பையன் மாலைதோறும் நாகர்கோயிலுக்குப் பஸ் ஏறிப் பழக முடியுமா?

அரங்கம் வேண்டும் என்ற கோரிக்கை நம் ஜில்லாவில் அவ்வப்போது எழுவதுண்டு. கோடிக்கணக்கில் மதிப்பீடு போடுவார்கள். அஸ்திவாரக் கல் நாட்டுவார்கள். கல்வெட்டில் யார் பெயர் முதலில் வர வேண்டும் என்று சண்டை வரும். அதை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் கல்கத்தாவின் கதை நமக்கு வேறு வழியைக் காட்டுகிறது. அங்கே படிகள் மரத்தால் இருந்த காலத்தில்தான் 1911 நடந்தது. கூடாரம் துணியாக இருந்த காலத்தில்தான் சங்கங்கள் வளர்ந்தன. மாறாமல் இருந்தது நிலம் ஒன்றுதான். அதன்மேல் கட்டக் கூடாது என்ற ஆணை ஒன்றுதான்.

அந்த ஆணையை இங்கே யார் போடுவது? ராணுவம் வரப்போவதில்லை. ஜில்லா கலெக்டரும் வருவாய் இலாகாவும்தான் போட வேண்டும். நம் கிராமக் கணக்குகளில் மேய்ச்சல் புறம்போக்கு, களத்துப் புறம்போக்கு, மயானப் புறம்போக்கு என்று தலைப்புகள் உண்டு. செத்தவனுக்கு ஒதுக்கியதுபோல் விளையாடுகிறவனுக்கும் கணக்கில் ஓர் இடம் ஒதுக்கி, அதை வேறெந்த உபயோகத்துக்கும் மாற்ற முடியாதபடி பதிவு செய்யச் சொல்கிறோம். கரைக் கிராமங்களில் புறம்போக்கு இல்லையென்றால் கால்வாய்க்குக் கிழக்கே பட்டா நிலம் வாங்கியாவது தர வேண்டும். இரண்டு கிராமத்துக்கு ஒரு களம் கிடைத்தாலும் போதும். மோகன் பகானும் பங்கிட்டுக்கொண்ட களத்தில்தான் வளர்ந்தது.

ஒரு விஷயத்தில் எச்சரிக்கை தேவை. கோவிந்தபூர்க் குடிகளை எழுப்பிவிட்டு உண்டாக்கிய மைதானத்தை நாம் மாதிரியாகச் சொல்வதால், குடிசைக்காரரை எழுப்பிவிட்டுக் களம் போடலாம் என்று எந்த உத்தியோகஸ்தரும் பொருள் செய்துகொள்ளக் கூடாது. புயலில் வீடிழந்தவனுக்கு மனை முதலில், பந்து பிறகு. அதேபோல், களம் கிடைத்த ஊரில் இன்ன தெருப் பையன் வரலாம், இன்ன தெருப் பையன் வரக் கூடாது என்று சொல்ல ஒருவன் கிளம்பினால், சர்வாதிகாரி செய்ததைச் செய்ய ஒரு சங்கத் தலைவராவது அங்கே இருக்க வேண்டும்.

வருஷந்தோறும் தாலுகாக் கச்சேரிகளில் ஜமாபந்தி கூடுகிறது. பட்டா மாற்றத்துக்கும் வாய்க்கால் தகராறுக்கும் மனுக்கள் குவிகின்றன. அடுத்த ஜமாபந்திக்குள் ஒவ்வொரு ஊர் வாலிபர் சங்கத்தாரும் தங்கள் ஊரில் மிஞ்சியிருக்கும் வெற்று நிலத்தின் சர்வே எண்ணையும் விஸ்தீரணத்தையும் கிராம நிர்வாக அதிகாரியிடம் விசாரித்து எழுதிக்கொண்டு, கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி, மனுவோடு போய் நிற்க வேண்டும். எந்தெந்த ஊரார் போனார்கள், என்ன பதில் கிடைத்தது என்பதைத் தெரிவித்தால் இந்தப் பக்கத்திலேயே பிரசுரிக்கச் சித்தமாயிருக்கிறோம்.